தவணை முறைப் பாடம்

கணினிப் பயிற்சி மையத்தின் மேலாளர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மனத்துக்குள்ளேயே நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டுப் படியிறங்கியிருப்பாள். அவரோ எழுந்து நின்று வரவேற்றார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். அவள் கொண்டுவந்திருந்த படங்களைத் திரையில் திறந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு குடும்பப் படத்தில் சரியான நேரத்தில் கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்கு அவள் வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்திருந்தாள். ஒட்டு எங்கே என்று தேடித் தோற்றுப்போய், "நீங்க சொல்லலைன்னா தெரிஞ்சிருக்காது" என்றார்.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "புதுசா வர்றவங்களுக்கு முதல் நாள் என்ன சொல்லித்தருவீங்க?"

இதற்கு அவள் பல வருஷமாகவே பதில் வைத்திருந்தாள். முதலில் பயம் போக வேண்டும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கம்ப்யூட்டர் வெடித்துவிடாது என்று தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். "முதல்ல" என்று தொடங்கினாள். அடுத்த சொல்லின் 'ப' உதட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒட்டிய உதடு ஒட்டியபடியே நின்றது. மேலாளர் புன்னகையோடு அவளைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். பிறகு, கிணற்றில் விழுந்தவருக்குக் கயிறு வீசுகிற அவசரத்தோடு, "படம் காட்டுவீங்க. சரிதான், படத்தைக் காட்டித்தான் ஆரம்பிக்கணும்" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டாள். அது இல்லை என்று சொல்வதற்கு இன்னொரு வாக்கியம் வேண்டுமே.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா" என்றார் அவர். "ஆனா வகுப்புன்னா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பேசணும். உங்களையும் கஷ்டப்படுத்தி, வர்றவங்களையும்..."

அந்த வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை. அவளுக்கு அதை முடித்துக்கொடுக்கத் தெரியும். முடிக்காமல் பென்டிரைவை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

பேச்சு வந்த நாளிலிருந்தே அவளுக்குத் திக்கும். எல்லா எழுத்திலும் இல்லை. 'க' வரிசையும் 'ப' வரிசையும்தான் ஆகாதவை, அதுவும் சொல்லின் முதலில் வந்தால். மற்றவை ஓரளவு ஒத்துழைக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தவணை என்று பெயர் வைத்திருந்தார்கள், வார்த்தையை மொத்தமாகத் தராமல் சிறுகச் சிறுகத் தருகிறவள் என்று. பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்தான் என்பதை அவளே ஒப்புக்கொள்வாள். அதற்காக அவனை மன்னித்தாள் என்று அர்த்தமில்லை.

படிப்பு முடிந்ததும், வாய்க்கு வேலையில்லாத வேலையாகப் பார்த்து ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் சேர்ந்தாள். வாடிக்கையாளர், விளக்கு, குடை, கண்ணாடிக் கதவு எல்லாம் முன்னறையோடு சரி. பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், எப்போதும் எரியும் குழல்விளக்கு. அவளுக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்த எடிட்டர் தொழில் தெரிந்தவர். தெரிந்ததை மூடி வைத்திருந்தவர். யாராவது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் கீபோர்டின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு துண்டுக்கடியில் விரல்களை ஓட்டுவார். கேட்டால், "பார்த்துக் கத்துக்க வேண்டியதுதான்" என்பார். பார்க்கத்தான் விடமாட்டார்.

அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் அவள் அவருடைய நாற்காலியில் போய் உட்காருவாள். அந்த மென்பொருளின் ஓரத்தில், செய்த வேலையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிவாகி நிற்கும் ஒரு பெட்டி உண்டு. அதில் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கி, அந்த முகம் எப்படி எப்படி மாறி வந்திருக்கிறது என்று பார்ப்பாள். அவர் கை கழுவும் சத்தம் கேட்டதும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அவள் தொழில் கற்றது அப்படி, பின்னாலிருந்து முன்னால்.

அந்த எடிட்டர் வேறு ஊருக்குப் போன பிறகு, அவர் நாற்காலிக்குப் புதியவர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களுக்குச் சொல்லித்தருவது அவள் தலையில் விழுந்தது. அவள் துண்டு எதுவும் போடவில்லை. வாயால் சொல்ல முடியாததை மவுஸை மெல்ல நகர்த்திக் காட்டினாள். யார் எங்கே வழுக்குவார்கள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அந்த இடத்திலெல்லாம் அவளே ஒருமுறை விழுந்து எழுந்தவள். ஒருத்திக்கு ஒரு விஷயம் பிடிபட்ட கணத்தில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையை முழுநேரமாகச் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. அந்த எண்ணத்தோடுதான் பயிற்சி மையத்துக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கை நிறைய கிரீஸும் வாய் நிறையப் பேச்சுமாக வீட்டுக்கு வருகிறவன். அவள் எங்காவது தடுக்கினால் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவான். கல்யாணமான புதிதில் அது அன்பாக இருந்தது, இப்போதும் அன்புதான். ஆனால் அவன் எடுத்துக் கொடுப்பது பாதி நேரம் வேறு சொல்லாக இருக்கும். அவளும் போனால் போகிறது என்று அதையே வாங்கிக்கொண்டுவிடுவாள். அப்படித்தான் சமையலறைக்கு வேண்டாத நிறத்தில் ஒரு வர்ணம் வந்து சேர்ந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

"அங்க வேலை இல்லை."

"விடு. அவங்களுக்குக் கொடுத்துவைக்கல. ஸ்டுடியோ இருக்கு, சம்பளம் வருது, நீ எதுக்கு ஊர் பேச்செல்லாம்..."

"நான் சொல்லித்தந்தே தீருவேன்" என்றாள் அவள். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டாள். படுக்கையறை மூலையில் மேஜை, ஸ்டுடியோ முதலாளி கழித்துவிட்ட பழைய மானிட்டர். திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்து, பேச வேண்டியதையெல்லாம் கீழே எழுத்தாகப் போட்டு, இணையத்தில் ஏற்றினாள். பார்த்தவர்கள் சொற்பம். அதில் ஒருவர் எழுதினார்: "எழுத்தைப் படிச்சா மவுஸ் எங்க போச்சுன்னு தெரியல. மவுஸைப் பார்த்தா எழுத்து ஓடிடுது. எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணு, ரெண்டும் ஒரே பக்கம்தான் திரும்புது." கிண்டல்தான், ஆனால் நியாயமான கிண்டல்.

குரல் வேண்டும் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் நாத்தனார் நினைவுதான் வந்தது. கணவனின் தங்கை, பெரிய பல்பொருள் அங்காடியில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிறவள். தேன் குரல். அண்ணி எழுதிக் கொடுத்ததை மகிழ்ச்சியோடு வாங்கிப் படித்தாள். என்ன படித்தாலும் அது அங்காடி அறிவிப்பாகவே வந்தது. "அன்பார்ந்த பார்வையாளர்களே, இப்போது இடதுபுறமுள்ள மூன்றாவது பொத்தானை அழுத்தி மகிழுங்கள்" என்று, எழுதாததையெல்லாம் சேர்த்துக்கொள்வாள். மவுஸ் ஒரு இடத்தில் தயங்கி நிற்கும்போது குரல் அடுத்த தளத்துக்குப் போயிருக்கும்.

சில வாரம் கழித்து அவளே காகிதத்தைக் கீழே வைத்தாள். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. லேயர் லேயர்னு நானும் படிக்கறேன். அது மெத்தையா கேக்கான்னே எனக்குத் தெரியல. தெரியாததை எவ்வளவு இனிமையா சொன்னாலும் எப்படிப் புரியும்? நீங்களே பேசுங்க."

"எனக்கு வார்த்தை நிக்குமே."

"நிக்கட்டும். நின்ன இடத்தை வெட்டிடுங்க. மாப்பிள்ளைக்குக் கண்ணு மாத்தி வெக்கறவங்களுக்கு இது ஒரு வேலையா?"

அவள் அதையே செய்தாள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பேசினாள். திக்கிய இடங்களையெல்லாம் நறுக்கி எறிந்தாள். ஆனால் நறுக்க நறுக்க ஒரு விஷயம் தெரிந்தது. அந்த மென்பொருளைச் செய்தவர்கள் அவளை மனத்தில் வைத்தே பெயர் சூட்டியிருந்தார்கள் போல: கிராப், காப்பி, குளோன், கலர், கான்ட்ராஸ்ட், பிரஷ், பேஸ்ட், பேக்ரவுண்ட். எங்கே தொட்டாலும் 'க', இல்லாவிட்டால் 'ப'. அதனால் சுற்றுவழி கண்டுபிடித்தாள். காப்பி நகல் ஆயிற்று. பிரஷ் தூரிகை ஆயிற்று. குளோன் இரட்டிப்பு. கான்ட்ராஸ்ட் என்பதை, "வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவுல உள்ள தூரம்" என்றாள். பேக்ரவுண்டைப் பின்னணி என்று சொன்னாலும் 'ப' வந்து மறிக்கும் என்பதால், "ஆளுக்கு அப்பால இருக்கறது" என்றாள். கிராப், வெறும் வெட்டு.

சேனலுக்குப் புதுப் பெயரும் வைத்தாள்: தவணை முறையில் போட்டோ எடிட்டிங்.

கணவனுக்கு அது பிடிக்கவில்லை. "அது உன்னைக் கேலி பண்ண வெச்ச பேராச்சே."

"வெச்சவங்க மறந்துட்டாங்க. இது சும்மாதானே இருக்கு" என்றாள்.

இந்த முறை ஆட்கள் வந்தார்கள். பேக்கரி வைத்திருக்கும் ஒருத்தி, வீட்டு வாடகைத் தரகர் ஒருவர், செல்லப் பிராணிகளுக்கு மருந்து விற்கிறவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். ஒவ்வொரு வீடியோவும் சின்னது. ஒன்றில் ஒரு வேலைதான். "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்தேன், இப்ப பாதை தெரியுது" என்று ஒருவர் எழுதினார். ஒரு தமிழாசிரியர் நீளமாகவே எழுதினார்: ஆங்கிலக் கலப்பில்லாமல் கணினி கற்பிக்கும் ஒரே சகோதரி நீங்கள்தான், உங்கள் மொழிப்பற்றுக்குத் தலைவணங்குகிறேன் என்று. கணவன் அதை நாலு பேருக்குப் படித்துக் காட்டினான். அவளுக்கு மட்டும் அதைப் படிக்கும்போதெல்லாம், கடன் வாங்கிய நகையைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனது போல உறுத்தியது.

அப்போதுதான் ஒரு தச்சரிடமிருந்து அவள் போனுக்குக் குரல் பதிவு வந்தது.

மரச் சாமான் செய்கிற பட்டறைக்காரர். வயது தெரியவில்லை, பின்னால் ரம்பம் ஓடும் சத்தம் தெரிந்தது. "டீச்சர், வணக்கம். நீங்க சொல்றது நல்லா புரியுது. ஆனா நீங்க சொல்ற பேரு எதுவும் இங்க இல்ல. என் கம்ப்யூட்டர்ல எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. வெட்டுன்னு சொன்னீங்க. நான் எழுத்துக்கூட்டித் தேடினேன். கட்னு ஒண்ணு இருந்துச்சு. வெட்டுன்னா அதுதானேன்னு அமுத்தினேன். நாற்காலி போயிடுச்சு. சரி, சேவ் பண்ணினா வந்துடும்னு அதையும் அமுத்திட்டேன். இப்ப வெள்ளையா இருக்கு. அந்த நாற்காலி வித்துப் போயிடுச்சு டீச்சர். நான் செஞ்சதிலயே அதுதான் நல்லா வந்தது. கடைக்குப் போட வேற படம் இல்ல. உங்கமேல தப்பு சொல்லல. எந்த இடத்துல தப்பாச்சுன்னு தெரிஞ்சா போதும்."

அவள் அதைத் திரும்பவும் கேட்டாள். தப்பு எந்த இடத்தில் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். கிராப் என்றால் ஓரத்தை நீக்குவது, கட் என்றால் தேர்ந்தெடுத்ததை எடுத்துவிடுவது. வேறு வேறு பொத்தான், வேறு வேறு வேலை. தொடக்கக்காரர் குழம்பக்கூடிய இடங்களையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவள், ஒரு எழுத்துக்குப் பயந்து, அவரைக் கொண்டுபோய்த் தவறான கதவின் முன்னால் நிறுத்தியிருக்கிறாள். பயம் போக வேண்டும் என்று பிறருக்குச் சொல்ல வந்தவளுடைய பாடங்கள் முழுக்க அவளுடைய பயம்தான் இருந்தது.

எழுதி அனுப்பியிருக்கலாம். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது. போனை எடுத்தாள். போன் என்றால் அவளுக்கு வேப்பங்காய்.

"ஹலோ" என்றார் தச்சர். அவள் வாய் திறப்பதற்குள் நாக்கு மறித்தது. "ஹலோ? ஹலோ?" என்று பார்த்துவிட்டு அவர் வைத்துவிட்டார். திரும்ப அழைத்தாள். அதே கதை. மூன்றாவது முறை, அவர் எடுத்ததுமே, "வைக்காதீங்க. நான் தவணை டீச்சர். எனக்கு வார்த்தை வர நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டாள்.

"அவ்வளவுதானே?" என்றார் அவர். "மரம் காயறதுக்கு மாசக்கணக்குல காத்திருக்கற ஆளு நான். மெதுவா சொல்லுங்க."

"அது வெட்டு இல்லை, அண்ணா. அது..." என்று தொடங்கி, அந்தச் சொல்லின் வாசலில் நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. வேறு சொல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது, அதைத் தொடவில்லை. அந்தப் பக்கம் ரம்பத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"கிராப்" என்றாள் கடைசியில்.

"கிராப்" என்று அவர் திருப்பிச் சொன்னார். "ஆமா, அப்படி ஒண்ணு இருக்கு. சதுரமா, மூலை ரெண்டும் தாண்டி நீட்டிக்கிட்டு."

"அதேதான்."

போன படத்தை மீட்க முடியாது என்பதையும் சொன்னாள். ஆனால் நாற்காலியை வாங்கியவர் இருக்கிறாரே, அவரிடம் கேட்டு ஒரு படம் வாங்கச் சொன்னாள். இரண்டு நாளில் படம் வந்தது. நாற்காலி இருந்தது, அதன் மேல் துவைத்து மடிக்காத துணி ஒரு குவியலும் இருந்தது. எந்த வீட்டில்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள்? முதுகுப் பலகையில் பாதி, ஒரு கைப்பிடி நுனி தவிர முழுதும், துணிக்கு அடியில்.

"இதை நேரலையில சரி செய்யறேன்" என்று அவள் வீட்டில் அறிவித்தாள். "ஞாயிறு மதியம். எல்லாரும் வரலாம். எல்லாத்தையும் அதோட நிஜமான... நிஜமான..." நின்றது. கணவன் வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தினாள். அவன் வாயை மூடிக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"பேரோட சொல்லுவேன்" என்று முடித்தாள்.

"நேரலைன்னா வெட்ட முடியாதே அண்ணி" என்றாள் நாத்தனார்.

"தெரியும்."

"நான் வேணா பக்கத்துல உக்காந்து..." என்றான் கணவன்.

"நீங்க அறையில இருங்க. ஆனா ஒரு வார்த்தைகூட எடுத்துத் தரக்கூடாது. தப்பா நினைக்காதீங்க. நீங்க தர்றது என் வார்த்தை இல்லை. உங்களோடது. நான் இத்தனை வருஷமா அதை வாங்கிவாங்கி, சொல்ல வந்ததைச் சொன்னதே இல்லை."

நடுவில் மூன்று இடத்தில் நின்று நின்றுதான் இதைச் சொன்னாள். அவன் காத்திருந்தான். காத்திருப்பது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை என்பது முகத்திலேயே தெரிந்தது. சமாளிப்பாக, "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா கதவை உடைக்கக்கூடாதுன்னு நாங்களும் சொல்லுவோம். அமைதியா இருந்தா தானா வரும்" என்றான்.

"நான் லிஃப்ட் இல்லை" என்றாள் அவள். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும்தான், கொஞ்சம் தாமதமாக.

ஞாயிறு மதியம் அவள் நேரலையைத் தொடங்கியபோது எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். கணவன் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டான். அவள் வணக்கம் சொன்னாள், படத்தைத் திறந்தாள், துணிக் குவியலைக் காட்டினாள். பேக்கரிக்காரி, "எங்க வீட்டு நாற்காலி இவங்ககிட்ட எப்படிப் போச்சு?" என்று எழுதினாள். எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"முதல்ல சுத்தி இருக்கறதை எடுத்துடலாம். அதுக்கு இந்தச் சதுரம். இதுக்குச் சரியான சொல்..." என்று சொல்லி, மவுஸை அந்தப் பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

நின்றுவிட்டது. போனில் நின்றதைவிடப் பலமாக. நாக்கின் அடி மேலே போய் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. திரையின் ஓரத்தில் வரிசையாக எழுத்துகள் ஏறின. "நெட் போச்சா?" "எனக்கும் நிக்குது." "ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க." "பண்ணிட்டேன், அப்படியே இருக்கு." நாக்கு அசையாத நிலையிலேயே அவள் அத்தனையையும் படித்தாள். அதற்குள் ஒருவர் எழுதிவிட்டார்: "பேச வராதவங்களுக்கு எதுக்கு சேனல்?"

மைக்கை அணைத்துவிட அவள் விரல் போனது. போன விரலை அவளே பார்த்தாள். எடுத்து மேஜையின் மேல் வைத்தாள். இறுகிய மூச்சை வெளியே விட்டாள்.

"நெட் நல்லாதான் இருக்கு" என்றாள். "நான்தான் நின்னுட்டேன். எனக்குத் திக்கும். இதுவரைக்கும் அதை வெட்டி எறிஞ்சுட்டு உங்களுக்குத் தந்தேன். இன்னிக்கு இது நேரலை, வெட்ட முடியாது. இருங்க, வந்துடும்."

வந்தது. "கி" என்று ஒருமுறை, இன்னொருமுறை, பிறகு முழுசாக: "கிராப்."

"இதுதான் அதோட உண்மையான சொல். நான் வெட்டுன்னு சொன்னேன், அதனால ஒருத்தருக்கு நாற்காலி போச்சு. தப்பு என்னோடது." போச்சு என்ற சொல்லிலும் ஒரு தடங்கல் இருந்தது. அதைத் தாண்டிப் போனாள். வேலையைத் தொடர்ந்தாள்.

துணியை நீக்கும் வேலைக்கு அவள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். நாற்காலியின் இடது பாதி தெளிவாகத் தெரிகிறது. அதைக் காப்பி எடுத்து, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, வலது பாதியில் வைத்துவிட்டால் தீர்ந்தது. காப்பியில் ஒருமுறை நின்றாள், பேஸ்டில் ஒருமுறை. இப்போது யாரும் நெட்டைக் குறை சொல்லவில்லை. திருப்பி வைத்ததும் நாற்காலி முழுசாக எழுந்து நின்றது. பாராட்டு வரத் தொடங்கிய நேரத்தில் தச்சரின் அழைப்பு வந்தது. போனை எடுத்து, அவர் குரலை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"டீச்சர், நல்லாயிருக்கு. ஆனா அது என் நாற்காலி இல்ல. வலது கைப்பிடி அகலம். வாங்கினவரு அதுமேல டம்ளர் வெக்கணும்னு கேட்டாரு. உள்பக்கமா ஒரு வளைவு கொடுத்திருந்தேன்."

அவள் யோசித்தாள். செய்ததைச் செய்தபடி விட்டாலும் கடைக்கு வருகிறவர் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. "சரி, திரும்ப ஆரம்பத்துக்கு வரலாம்" என்று, பதிவுப் பெட்டியில் ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கினாள், எல்லாரும் பார்க்கும்படி, மெதுவாக. துணிக்கு வெளியே கைப்பிடியின் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நுனியிலிருந்து மரத்தின் ரேகையைக் குளோன் செய்து நீட்டிக்கொண்டே வந்தாள். தச்சர் வழி சொன்னார்: "இன்னும் அகலம். போதும். இப்ப உள்ள வளையணும். ரொம்ப வளைஞ்சிடுச்சு, கொஞ்சம் நிமித்துங்க." அவள் வளைத்தாள், நிமிர்த்தினாள். குளோன் என்ற சொல் அன்று எத்தனையோ முறை வந்தது. பாதி நேரம் திக்கியது, பாதி நேரம் திக்கவில்லை. எது எப்போது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் கவனிக்கவும் இல்லை.

"இதேதான்" என்றார் தச்சர். பிறகு பட்டறையில் ரம்பம் ஓடத் தொடங்கியது.

முடிந்ததும் கதவருகே திரும்பிப் பார்த்தாள். கணவன் துண்டின் நுனியை வாயில் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். எடுத்துப் பார்த்தபோது துண்டில் பல் பதிந்திருந்தது. "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு" என்றான். "நாலு தடவை."

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"மூணாவது தடவை நான் நினைச்சது தப்பு" என்று ஒப்புக்கொண்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். திக்கல் போகவில்லை. பயிற்சி மையத்திலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஸ்டுடியோவின் பின்னறையில் இன்றும் மாப்பிள்ளைகளுக்குக் கண் திறந்துவிடுகிறாள். பேச வராதவர்களுக்கு எதற்குச் சேனல் என்று கேட்டவரோடு சண்டைக்குப் போக நாத்தனார் மூன்று பத்தி எழுதி வைத்திருந்தாள். அண்ணி அனுப்ப விடவில்லை. "நேரம் இருந்தா மூணு வரியில லேயர்னா என்னன்னு எழுது. உனக்குப் புரிஞ்சுதா, இல்லையான்னு தெரியும்" என்றாள். நாத்தனார் எழுதிக் காட்டினாள். சரியாகவே இருந்தது.

பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் திரும்பச் செய்தாள். இப்போது இரண்டு சொல்லும் சொல்கிறாள்: கிராப், அதாவது ஓரத்தை வெட்டி நீக்குவது, பேக்ரவுண்ட், அதாவது ஆளுக்கு அப்பால் இருப்பது. திக்கிய இடத்தை வெட்டுவதில்லை. அந்த இடைவெளியில் பார்க்கிறவர்கள் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவதாகச் சிலர் எழுதினார்கள். சிலர் பொறுமையில்லாமல் வேறு சேனலுக்குப் போனார்கள். தமிழாசிரியர் வருத்தப்பட்டார். "தங்கள் நடையில் அண்மைக்காலமாக ஆங்கிலம் தலைகாட்டுகிறது" என்று எழுதியிருந்தார். அவருக்கு அவள் ஒளிவுமறைவில்லாமல் பதில் போட்டாள்: தான் தமிழில் சொன்னது பற்றினால் அல்ல, பயத்தினால் என்று. இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "எப்படி வந்தாலும் 'ஆளுக்கு அப்பால்' அழகான சொல். அதை விட்டுவிடாதீர்கள்." அவள் விடவில்லை.

ஞாயிறு மதிய நேரலை நிலைத்துவிட்டது. கணவன் இப்போது துண்டில்லாமலே உட்காருகிறான். வீட்டிலும் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டான்; எப்போதாவது வாய் முந்திவிட்டால், சொன்ன சொல்லைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வது போல, "சரி, நீ சொல்லு" என்கிறான். சமையலறைச் சுவருக்கு அவள் கேட்ட நிறத்தில் வர்ணம் அடித்தாயிற்று.

போன வாரம் தச்சர் ஒரு படம் அனுப்பியிருந்தார். புதிதாகச் செய்த முக்காலி. தானே கிராப் செய்து, தானே வெளிச்சம் கூட்டி, யாரையும் கேட்காமல் செய்த முதல் படம். மேல் பலகை பளபளவென்று இருந்தது. கீழே எதுவும் இல்லை. வெட்டிய வேகத்தில் மூன்று காலும் போயிருந்தன.

அவள் போனை எடுத்து அழைத்தாள்.

"படம் வந்துச்சா டீச்சர்? எப்படி இருக்கு?"

"வந்தது. நல்லா இருக்கு. ஆனா, அண்ணா..." என்று சொல்லி நின்றாள். அந்தப் பக்கம் இழைப்புளி ஒரு இழுப்பு இழுத்து நின்றது. அவர் அவசரப்படவில்லை.

"கால் எங்க?"

மவுஸ் அமுக்கும் சத்தம் கேட்டது. படத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். "இருங்க டீச்சர். இந்தத் தடவை பழைய படத்து மேல சேவ் பண்ணல" என்றார்.